இருநூற்றுப் பத்து லேபிள்

சிதம்பரம்
12-9-1963

வதூது அண்ணனுக்கு, சௌந்தரம் எழுதுகிறேன்.

இந்த முறையும் நான்தான். உங்கள் மச்சானுக்கு எட்டு அண்டா திராட்சை அரிஷ்டம் காய்ச்ச முடியும், நாலு வரி கடிதம் எழுத முடியாது. கேட்டால், "நானும் வதூதும் ஒரே பெஞ்சில படிச்சவங்க, எனக்கு எழுத வராதுன்னு அவனுக்குத் தெரியும்" என்கிறார். தெரிந்தே ஒருவருக்கு ஒருவர் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு நாற்பது வருஷம் ஓட்டிவிட்டீர்கள்.

விஷயம் இதுதான். கலால் ஆபீசிலிருந்து புது உத்தரவு வந்திருக்கிறது. மதுவிலக்கு ஊரில் சாராயச் சத்து உள்ள எதை விற்றாலும் இனி கெடுபிடியாம். பாட்டிலின் லேபிளில் நூற்றுக்கு எத்தனை பங்கு சாராயச் சத்து என்று போட வேண்டும். காய்ச்சிய தேதி, தொகுதி எண் இருக்க வேண்டும். அது போக, அவர்கள் எண்ணிக் கொடுக்கிற வரிச்சீட்டைத் தக்கையின் மேல் ஒட்டி, அதைக் கிழிக்காமல் பாட்டிலைத் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றிக் கொடுக்கிற மருந்துக்கு இத்தனை காவல்.

பழைய லேபிள் எல்லாம் தள்ளுபடி. உங்கள் அச்சகத்தில் புதிதாக மூவாயிரம் அடித்துத் தர வேண்டும். வாசகம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். திராட்சைக் குலைக்குப் புது பிளாக் செய்யுங்கள். போன தடவை அடித்தது கத்தரிக்காய் மாதிரி இருந்தது என்று கடைக்கு வந்தவர்களே சிரித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சனம்தான் நமக்கு ஜாஸ்தி. அவர்கள் குலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொரு ரூலும் உண்டு. அச்சில் கழிந்துபோன லேபிள் எத்தனை என்று எண்ணி, அச்சகத்துக்காரரும் மருந்துக்காரரும் இரண்டு பேரும் நின்று எரித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பூர்த்தி செய்ய வேண்டிய பாரமும் இதில் இருக்கிறது.

சலீமா அண்ணிக்கு லேகியம் தனியே அனுப்புகிறேன். நம் பெண் அஸ்மத்துக்குப் பேசிய இடம் என்ன ஆயிற்று?

சௌந்தரம்


786
கடலூர் ஓ.டி.
27-9-1963

தங்கச்சி சௌந்தரத்துக்கு அப்துல் வதூது எழுதிக்கொண்டது.

லேபிள் மூவாயிரம், நூறு நூறாகக் கட்டி, ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். ரசீது இத்துடன் உள்ளது. குலை இந்தத் தடவை குலையாகவே இருக்கிறது, பார்த்துக்கொள். முதலில் கறுப்பு ஓட்டி, காய்ந்த பிறகு சிவப்பு ஓட்டினோம். ஆரம்பத்தில் தாள் நகர்ந்துவிட்டதால் சிவப்பு மை கோட்டைத் தாண்டி வலப்பக்கம் தள்ளி விழுந்துவிட்டது. மெஷின்மேன் வைத்திலிங்கம் கவனிப்பதற்குள் இருநூற்றுப் பத்து கழிந்துபோனது. அவனைத் திட்டிவிட்டுச் சரிசெய்தேன். உனக்கு வந்திருப்பதில் ஒன்றுகூடப் பிசகு இருக்காது.

கழிவை எரித்தாயிற்று என்று பாரத்தில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். மச்சான் வந்து நிற்கவேண்டும் என்பது ரூல். அதற்காக ஒரு நாள் முழுதும் அடுப்பை அணைத்துவிட்டு வர வேண்டாம். அங்கேயே கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துவிடச் சொல். எனக்குப் பக்கத்தில் அவன் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன.

அஸ்மத்துக்குப் பரங்கிப்பேட்டை இடமே அமைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். நீங்கள் இருவரும் ஒரு வாரம் முன்னமே வந்துவிட வேண்டும். லேகியம் கிடைத்தது. சலீமா சலாம் சொன்னாள்.

வதூது


சிதம்பரம்
19-12-1963

வதூது அண்ணா,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குமராட்சிப் பக்கத்து ஒரு ஊரில் நம் அரிஷ்டம் என்று சொல்லி ஒருவன் சைக்கிளில் கொண்டுவந்து விற்றிருக்கிறான். வாங்கிக் குடித்தவர்களுக்கு முதலில் கண் தெரியவில்லையாம். பிறகு வாந்தி, வயிற்றுவலி. நாலு பேர் செத்துப்போனார்கள். மூன்று பேர் அறுப்புக்குப் போய்வந்த ஆட்கள், களைப்புக்குக் குடித்தவர்கள். நாலாவது முத்தம்மாள் என்ற பெண். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். அவள் அம்மா மருந்து என்று நினைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். உள்ளே இருந்தது பாலீஷ் போடுகிற ஸ்பிரிட்டாம்.

பாட்டில் எல்லாவற்றிலும் நம் லேபிள். தக்கையில் வரிச்சீட்டு மட்டும் இல்லை. அதனால் போலீஸ் என்ன சொல்கிறது தெரியுமா? வரியை ஏய்ப்பதற்காக இவரே தனியாகக் காய்ச்சி, ஸ்பிரிட் கலந்து, சீட்டு ஒட்டாமல் கிராமத்தில் விற்றாராம். ஆபீஸ் கொடுத்த சீட்டையும் நம்மிடம் இருந்த பாட்டிலையும் எண்ணினார்கள். சரியாக இருந்தது. "சரியா இருக்கிறதுதான்யா சந்தேகம், திருட்டுச் சரக்குக்குச் சீட்டு எதுக்கு?" என்று அந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கிறான். இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூவாயிரம்தான் அடித்தேன், அதற்கு மேல் ஒரு லேபிள் வெளியே போகவில்லை, பிளாக் என் பெட்டியில்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படியானால் இது எவனோ கள்ளத்தனமாக அடித்த லேபிள் என்று ஆகிவிடும். அவரைக் கடலூர் ஜெயிலுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தானே. ஒரு தடவை போய்ப் பாருங்கள். உங்களைப் பார்த்தால் அவருக்குத் தெம்பு வரும்.

சௌந்தரம்


786
கடலூர் ஓ.டி.
28-12-1963

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஐந்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்கு உடம்பு சரியில்லாதது காரணம்.

மச்சானுக்கு இப்படி ஒரு சோதனை வரும் என்று நினைக்கவில்லை. நான் வந்து சொல்வதற்குப் புதிதாக என்ன இருக்கிறது? அடித்த கணக்கும் கழிவை எரித்த பாரமும் ஆபீசில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. பாண்டிச்சேரிப் பக்கம் எவனாவது நம் குலையைப் பார்த்து பிளாக் வெட்டியிருப்பான். நல்ல வக்கீலாகப் பார். நான் குறுக்கே வந்தால் அச்சகத்தையும் கிளறுவார்கள், வழக்கு வேறு பக்கம் போய்விடும்.

ஜெயிலுக்குப் போகவில்லை. போகவேண்டும் என்றுதான் கிளம்பினேன். கூட்டம் அதிகமாக இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன். எல்லாத் தொழுகையிலும் அவனுக்காக துஆ கேட்கிறேன்.

வதூது


சிதம்பரம்
11-1-1964

வதூது அண்ணனுக்கு,

எட்டாம் தேதி கடலூர் கோர்ட்டில் இருந்தேன். நீங்கள் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்து உங்கள் மச்சானுக்குக் கழுத்தே வலித்திருக்கும்.

செத்தவர்கள் வீட்டிலிருந்து எடுத்த பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் மைதா பசை காய்ச்சி என் கையாலேயே மூவாயிரத்தில் பாதியை ஒட்டியவள். அந்த லேபிளை எனக்குத் தெரியாதா? எழுத்து நம் எழுத்து, குலை நம் குலை. சிவப்பு மட்டும் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. எல்லாப் பாட்டிலிலும் அப்படியே.

எரித்தாயிற்று என்று எழுதினீர்களே அண்ணா.

வக்கீலிடம் சொன்னேன். அவர் காகிதத்தைப் புரட்டிக் காட்டினார். "கழிவு எரிஞ்சிடுச்சுன்னு உங்க வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. இப்ப எரியலைன்னு சொன்னா எவன் நம்புவான்? அச்சகத்துக்காரர் வாயால வந்தாத்தான் உண்டு" என்றார். அங்கிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நாகூர் போயிருப்பதாக அண்ணி சொன்னாள். அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். உள் அறையில் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது.

கோர்ட்டு வாசலில் முத்தம்மாளின் அம்மாவும் இருந்தாள். அமிர்தம் என்று பேர். கையில் அந்தக் குழந்தை. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. "ஏம்மா, ஒங்க மருந்துன்னுதானேம்மா குடுத்தேன். எங்க அம்மா எனக்குக் குடுத்தது, நான் எம்பொண்ணுக்குக் குடுத்தேன். அதுல போய் ஏம்மா கலந்தீங்க?" என்றாள். இது எங்கள் மருந்து இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

எனக்கு உங்களைத் திட்ட நேரமில்லை. வந்து உண்மையைச் சொல்லுங்கள். பத்து வருஷம் வரை போடலாம் என்கிறார் வக்கீல். உங்கள் மச்சானுக்கு இப்போதே ஐம்பது.

சௌந்தரம்


786
கடலூர் ஓ.டி.
24-1-1964

தங்கச்சி,

நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எரிக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கழிந்த தாள் எல்லாம் மெஷின்மேனுக்கு. வருஷம் பூராவும் சேர்த்து வைத்து, தீபாவளிக்கு முன்னால் பழைய பேப்பர் கடையில் போட்டு, பிள்ளைகளுக்குத் துணி எடுப்பான். என் அத்தா காலத்திலிருந்து அப்படித்தான். வைத்திலிங்கத்துக்கு நாலு பிள்ளை. அவனிடம் போய், இந்த லேபிள் கட்டை மட்டும் எடுத்துவை, கொளுத்த வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ வெள்ளைக்காரன் காலத்து ரூல் மாதிரி இருந்தது எனக்கு. மருந்து லேபிளை வைத்து எவன் என்ன செய்யப்போகிறான் என்று நினைத்தேன். எரித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மச்சானும் என்னை நம்பிப் போட்டான்.

மச்சானைப் பிடித்துப்போனதாக நீ எழுதிய கடிதம் வந்த அன்றே வைத்திலிங்கத்தைக் கேட்டேன். "எல்லாத்தையும் சேத்துத்தான் போட்டேன் மொதலாளி. யாரோ ஒருத்தன் அந்தக் குலை போட்டதை மட்டும் தனியாப் பொறுக்கி வாங்கிக்கிட்டுப் போனானாம்" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் பாண்டிச்சேரி பிளாக் என்று உனக்கு எழுதினேன். அன்று நீ வந்தபோது உள்ளேதான் இருந்தேன். இருமலை அடக்கத் தலையணையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கோர்ட்டுக்கு வந்தால் அங்கேயே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு நான் பயப்படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி அஸ்மத்துக்கு நிக்காஹ். பெண்ணைப் பெற்ற அத்தா ஜெயிலில் இருந்தால் பரங்கிப்பேட்டைக்காரர்கள் வருவார்களா? நாலு பேர் சாவுக்குக் காரணமானவன் மகள் என்று அவளுக்குப் பேர் வந்துவிடும். நிக்காஹ் முடியட்டும். மறுநாளே நான் வந்து சொல்கிறேன். அல்லாஹ் மேல் ஆணை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

வதூது


சிதம்பரம்
3-2-1964

வதூது அண்ணனுக்கு,

எரித்துவிட்டேன் என்று ஒரு பாரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பட்டுமா? நீங்கள் நம்பிவிடுவீர்களா?

எரிக்கவில்லை. பெட்டியில் என் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தாலியைக் கழற்றி வைத்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். வக்கீலுக்கு வேண்டும், விற்கப்போகிறேன். இப்போது கழுத்தில் மஞ்சள் கயிறு.

உங்கள் மச்சானை ஜெயிலில் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் வார்டர் நிற்கிறான், மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "கழிவுத் தாள் வைத்திலிங்கத்துக்குப் போவும்னு எனக்கும் தெரியும் சௌந்தரம். தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன்" என்றார். பிறகு, "அஸ்மத் நம்ம மடியில வளந்த பொண்ணு. அவ கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அந்தக் கடுதாசிய யாருக்கும் காட்டாத" என்றார். இருமுகிறார். உடம்பு பாதியாகிவிட்டது. அவர் சொன்னார் என்பதற்காகத்தான் சும்மா இருக்கிறேன். எனக்காக இருந்தால் நேற்றே வக்கீலிடம் கொடுத்திருப்பேன்.

வக்கீலிடம் பேர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். இந்த உண்மை வெளியே வந்தால் இவர் விஷம் விற்றவர் இல்லை என்று ஆகும். ஆனால் பொய்ப் பாரத்தில் கையெழுத்துப் போட்டதற்கு இவருக்கும் சில மாதம் உண்டாம். இருக்கட்டும். செய்ததற்கு அனுபவிக்கலாம். செய்யாததற்கு எதற்கு?

மார்ச் நாலாம் தேதி அடுத்த வாய்தா. அன்று நீங்கள் வரவேண்டும். கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அஸ்மத்திடம் மாமிக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

சௌந்தரம்


786
கடலூர் ஓ.டி.
29-2-1964

தங்கச்சி,

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மாமி ஏன் வரவில்லை என்று அஸ்மத் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வருவதாக ஆணையிட்டிருந்தேன். இருபத்து நாலாம் தேதி காலையில் குளித்து, சட்டை மாற்றி, கோர்ட்டுத் தெரு வரை போனேன். அங்கேயே திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். நேற்றும் போனேன். டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளை கொழும்புக்குத் திரும்பிப் போகட்டும் என்று மனசு சொல்கிறது. அவர் போனபிறகு அது வேறு ஒன்று சொல்லும். எனக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

நானாக வரமாட்டேன் சௌந்தரம். நாலாம் தேதியும் வரமாட்டேன். நான் கோழை. ஆனால் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. எரிக்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது பயந்தேன். இப்போது அதுவே நல்லது என்று படுகிறது. நீ என்ன செய்தாலும் நான் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். அது என் கையெழுத்துத்தான் என்று கேட்டால் ஒத்துக்கொள்வேன். அந்த அளவுக்கு மட்டும் என்னால் முடியும்.

வதூது


சிதம்பரம்
10-6-1964

கடலூர் ஜெயிலில் இருக்கும் அப்துல் வதூது அண்ணனுக்கு,

இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும். ஒளிக்க இனி என்ன இருக்கிறது.

மார்ச் நாலாம் தேதி வழக்கைக் கூப்பிடும் வரை உங்களுக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றேன். பிறகு கடிதத்தை வக்கீல் கையில் கொடுத்தேன். உங்கள் மச்சான் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். கல்யாணம் முடிந்துவிட்டது, அவர் சொன்ன வார்த்தையை நான் மீறவில்லை. ஆனாலும் அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. தீர்ப்பு உங்களுக்கும் தெரியும். அவருக்கு ஆறு மாதம், உங்களுக்கு ஒன்றரை வருஷம். ஸ்பிரிட்டைக் கலந்து விற்றவன் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திலிங்கம் ஊரை விட்டே போய்விட்டான்.

நீங்கள் இருவரும் இப்போது ஒரே மதிலுக்குள் இருக்கிறீர்கள். வதூது அண்ணனைப் பார்த்தீர்களா, பேசினீர்களா என்று போனவாரம் அவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. நேரம் முடிந்தது என்று வார்டர் சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

லைசென்சை எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்த வரிச்சீட்டை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அரிஷ்டத்தை எல்லாம் சாக்கடையில் ஊற்றவைத்தார்கள். தெரு முழுதும் இரண்டு நாள் அந்த வாசனை.

அமிர்தத்தைத் தேடிக்கொண்டு குமராட்சி போனேன். தீர்ப்பு வந்ததை அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று இருந்தது. இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு வாங்கிய தீர்ப்பு, அவளுக்காவது பிரயோஜனப்படும் என்று நினைத்தேன். வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவள் சேற்றோடு கரைக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள் மட்டும்தான் எங்களுடையது, உள்ளே இருந்தது எங்கள் மருந்து இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "யாரு மருந்தா இருந்தா என்னம்மா. கசக்குது வேணாம்மான்னு சொன்னா அவ. மூக்கப் புடிச்சு ஊத்துனது நாந்தானே" என்றாள். மறுபடியும் வயலில் இறங்கிவிட்டாள். குழந்தை கரையில் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதற்கு ஈ ஓட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் கடலூர் போய் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணி திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அஸ்மத் சன்னலுக்கு வந்தாள். அவளைப் பரங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறதாம். கடிதத்தைக் கொடுத்தது மாமிதான் என்று அவளுக்குத் தெரியும். "அத்தா ஒங்களுக்கு எழுதுனாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "எங்களுக்கும் எழுதல" என்றாள்.

மாதத்துக்கு ஒரு கடிதம் எழுத உங்களுக்கு அனுமதி உண்டு என்று வார்டர் சொன்னான். இதற்குப் பதில் போட்டு அதை வீணாக்காதீர்கள். அஸ்மத்துக்கு எழுதுங்கள்.

சௌந்தரம்